டர்பனில் அரசியலும் ஊடகமும் பாடம் எடுக்க வருகிறீர்களா?

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முனைவர் பட்டம் முடித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அரசியலும் ஊடகமும் என்று ஒரு மாட்யூலைத் தலையில் கட்டிவிட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது?" இந்த ஊரிலேயே பிறந்து, முதுகலை முடித்த கையோடு டுடோரியல் எடுக்கப்போகும் கோவெண்டர், பிள்ளை வீட்டுப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள், ஆங்கிலத்தில். பதினொரு வருடமாக இதே பாடத்தை எடுத்து வருகிறேன். பட்ட அடிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. வெளிநாட்டுப் பட்டம் என்றால் சாக்வா என்று இங்கே எல்லோரும் சொல்லும் தகுதி ஆணையத்தில் மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். விசாவுக்கும் அதைக் கேட்பார்கள், பல்கலைக்கழகமும் கேட்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாட்யூலின் கணக்கு

துறையில் உங்களிடம் ஒரு படிவம் தருவார்கள். அதில் 16 கிரெடிட் என்று போட்டிருந்தால் 160 மணி நேர உழைப்பு என்று பொருள். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி. நம் ஊர்ப் பழக்கத்தில் அத்தனையும் நாம் பேசித் தீர்க்க வேண்டிய நேரம் என்று தோன்றும். அப்படியில்லை. 13 வாரம், வாரத்துக்கு 3 வகுப்பு என்றால் 39 மணிதான் உங்களுடையது. டுடோரியலையும் கழித்தால் மீதி நூறு மணி நேரத்துக்கு மேல் மாணவர் தானாகப் படிக்கவும் எழுதவும் உள்ளது. அந்த நூறு மணியில் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். லெக்சர் குறிப்பை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். நான் முதல் வருடம் தலைகீழாகச் செய்தேன். 39 வகுப்புக்கும் விடிய விடியக் குறிப்பு எழுதினேன். ஒப்படைப்புக் கட்டுரைகள் வந்தபோது என் குறிப்புகளே எனக்குத் திரும்பி வந்தன, எழுத்துப்பிழையோடு.

முதல் நாள் பெயர் கூப்பிடுவதிலிருந்தே பாடம் தொடங்கிவிடுகிறது. பட்டியலில் நாயுடு, மூட்லி, படையாச்சி எல்லாம் இருக்கும். கோவெண்டர் என்பது நம் ஊர்க் கவுண்டர்தானா என்று அங்கேயே ஆராய்ச்சி தொடங்காதீர்கள். பூர்வீகம் எது, என்ன ஆட்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களின் ஐந்தாம் ஆறாம் தலைமுறை அது. பலருக்கு ஊர்ப்பெயர் தெரியாது. தெரியாததைக் கேட்டால் வெட்கப்படுவார்கள், அப்புறம் வாய் திறக்க மாட்டார்கள். சூலுப் பெயர்கள் இதைவிடச் சிரமம். எழுத்தில் சி, க்யூ, எக்ஸ் வருகிற இடமெல்லாம் நாக்கால் சொடுக்குகிற ஒலி. தப்பாகச் சொல்லுங்கள், திருத்தச் சொல்லுங்கள், மறுநாள் சரியாகச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் "சனிபோனானி" என்று ஒரு வணக்கம் வையுங்கள். பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

முதல் வாரம்: கேள்வியை மாற்றுவது

மாணவர்கள் வகுப்புக்குள் வரும்போதே ஒரு தீர்ப்போடு வருவார்கள். "மீடியா எல்லாம் பொய் சார்." இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்திலிருந்து வருகிற பையனும் இதையே சொல்வான், சூலு மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து வருகிற பெண்ணும் இதையே சொல்வாள். இருவர் மனத்திலும் இருப்பது வேறு வேறு பொய். இந்தத் தீர்ப்போடு சண்டை போடாதீர்கள். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "சரி, இந்தச் செய்தி எப்படி உருவானது? யார் யாரிடம் பேசி எழுதினார்கள், யாரிடம் பேசவில்லை, அச்சுக்கூலி யார் கொடுத்தது?" என்று திருப்பிக் கேளுங்கள். பாடம் முழுக்க நீங்கள் செய்ய வேண்டிய வேலை இந்த ஒன்றுதான்: நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியிலிருந்து, செய்யப்பட்டது எப்படி என்ற கேள்விக்கு அவர்களை நகர்த்துவது.

அதற்கு நான் கொடுக்கும் முதல் வேலை ஒரு வாரச் செய்திக் குறிப்பேடு. ஏழு நாள், எந்தச் செய்தி எந்த வழியாக வந்தது என்று எழுத வேண்டும். நாளிதழ் என்று எழுதுகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வாட்ஸ்அப் குழு, டிக்டாக், டாக்சியில் ஓடும் வானொலி என்றுதான் வரும். உகோசி எஃப்.எம். நாட்டிலேயே அதிகம் பேர் கேட்கும் வானொலி, இந்த டர்பனிலிருந்துதான் ஒலிபரப்பாகிறது. அதை ஒருமுறைகூடக் கேட்காமல் இங்கே ஊடகம் பாடம் எடுப்பது, சமையலறைக்குள் போகாமல் சாம்பார் பற்றிப் பேசுவது மாதிரி. சூலு புரியாவிட்டால் பரவாயில்லை. மாணவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அதே வாரத்தில் இன்னொரு வேலையையும் தொடங்கிவிட வேண்டும், தாமதித்தால் நடக்காது. அரசமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு தகவல் பெறும் உரிமையைத் தருகிறது. அதை நடைமுறைப்படுத்த 2000-இல் வந்த சட்டத்தை இங்கே பாயா என்பார்கள். நம் ஊர் ஆர்.டி.ஐ-க்கு ஐந்து வருடம் மூத்தது. மாணவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஏதாவது ஒரு பொது அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்பது நல்ல கேள்வி. பதில் தர 30 நாள் அவகாசம். பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் போட்டால்தான் ஆறாம் வாரத்தில் மௌனத்தையாவது கையில் வைத்துக்கொண்டு பேச முடியும்.

வரலாற்றை எங்கே தொடங்குவது

பாடநூல்கள் லண்டனிலிருந்து தொடங்கும். நீங்கள் இந்த ஊர்க் கிரே தெருவிலிருந்து தொடங்குங்கள். இப்போது அதற்கு டாக்டர் யூசுஃப் தாது தெரு என்று பெயர். 1903-இல் இரண்டு மாத இடைவெளியில், டர்பன் அடங்கிய நேட்டாலில் இரண்டு பத்திரிகைகள் பிறந்தன. ஏப்ரலில் சூலு கல்வியாளர் ஜான் டூபேயின் இலாங்கா லாசே நேட்டால், ஜூனில் காந்தியின் இந்தியன் ஒப்பீனியன். ஒன்று சூலுவும் ஆங்கிலமும். மற்றது ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என நான்கு மொழி. டூபேயின் ஒலாங்கே பள்ளியும் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியேற்றமும் இனாண்டாவில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரே சனிக்கிழமையில் இரண்டையும் பார்த்துவிடலாம். 1994-இல் மண்டேலா வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போட்டது அந்த ஒலாங்கே பள்ளியில்தான். 1985 கலவரத்தில் எரிந்துபோன ஃபீனிக்ஸ் குடியேற்றம் 2000-இல் மறுபடி திறக்கப்பட்டது. பஸ்ஸுக்குத் துறையில் பணம் கேட்டு மார்ச் மாதத்திலேயே மனுப் போடுங்கள். மதியம் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) வாங்கிக் கொடுத்தால் வருகைப் பதிவு எடுக்கவே வேண்டாம்.

இந்தியன் ஒப்பீனியனின் தமிழ், ஹிந்திப் பக்கங்கள் 1906-இல் நின்றுபோயின. குஜராத்தி தொடர்ந்தது. இதைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். யார் சந்தா கட்டினார்கள், யார் கரும்புத் தோட்டத்தில் இருந்தார்கள், தமிழ் எழுத்துக் கோக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களே ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார்கள். ஊடகத்தின் பொருளாதாரம் என்று தனியாக ஒரு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அதற்கடுத்து பி.எஸ். ஐயரின் ஆஃப்ரிக்கன் கிரானிக்கிள். 1908-இல் ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்தது. ஒப்பந்தக் கூலிகளின் மேல் சுமத்தப்பட்ட 3 பவுண்டு வரிக்கு எதிராக விடாமல் எழுதிய பத்திரிகை, காந்தியையும் விடாமல் விமர்சித்த பத்திரிகை. ஒரே சமூகத்துக்குள் இரண்டு பத்திரிகை ஏன் முட்டிக்கொண்டன என்பது நல்ல டுடோரியல் கேள்வி.

இங்கே ஒரு எச்சரிக்கை. காந்தி அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கர்களைப் பற்றி எழுதிய இழிவான வரிகளை யாராவது ஒரு மாணவர் போனில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். நம்மில் பலருக்கு உடனே மறுப்புச் சொல்ல நாக்கு துடிக்கும். வேண்டாம். அவர் காட்டும் முன்பே நீங்களே திரையில் போட்டுவிடுங்கள். கானா பல்கலைக்கழகத்திலிருந்து 2018-இல் காந்தி சிலையை எடுத்ததையும் சொல்லுங்கள். மறைக்கிற ஆசிரியரை மாணவர் ஒருதரம் கண்டுபிடித்துவிட்டால் மீதிப் பன்னிரண்டு வாரமும் வீண்.

நிறவெறிக் காலம் வந்ததும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது என் வழக்கம். தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்ததே 1976 ஜனவரி 5-இல்தான். அதுவரை அரசு வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தது. ஆறு மாதத்தில், ஜூன் 16, சொவேட்டோ மாணவர் எழுச்சி. அன்று போலீஸ் சுட்டுக் கொன்ற சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைச் சாம் நிசிமா எடுத்த படம் தி வேர்ல்ட் பத்திரிகையில் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் தி சிட்டிசன் என்றொரு ஆங்கில நாளிதழ் தொடங்கியது. 1977 அக்டோபர் 19 அன்று தி வேர்ல்ட் தடை செய்யப்பட்டு அதன் ஆசிரியர் பெர்சி கோபோசா சிறைக்குப் போனார். தி சிட்டிசன் அரசின் ரகசியப் பணத்தில் நடந்தது என்பது பின்னால் வெளியே வந்து, 1979-இல் வோர்ஸ்டர் ஜனாதிபதிப் பதவியையே விட வேண்டியதாயிற்று. ஒரு பத்திரிகையை மூட ஒரு உத்தரவு போதும், ஒன்றைத் திறக்க ரகசியக் கணக்கு வேண்டும் என்று ஒரு மாணவி எழுதினாள். இன்றுவரை அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வரவில்லை.

ரேடியோ லோட்டஸ் 1983 ஜனவரியில் தொடங்கியது. அதே வருடம்தான் இந்தியர்களுக்கென்று தனி அவை வைக்கும் முச்சபை நாடாளுமன்றத் திட்டம், அதை எதிர்த்து ஆகஸ்டில் யூ.டி.எஃப். என்ற ஐக்கிய ஜனநாயக முன்னணி. இவற்றுக்குள் தொடர்பு உண்டா என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் போய் ஆயாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு வரச் சொல்லுங்கள்: அந்த வானொலியில் என்ன கேட்டீர்கள், 1984-இல் ஓட்டுப் போட்டீர்களா? ஆயாக்கள் பாட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், ஓட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அந்த மாற்றத்தையும் எழுதி வரச் சொல்லுங்கள். பேட்டி தமிழில் நடந்தால் தமிழிலேயே ஒப்படைக்கலாம், கூட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழை எதற்கு வகுப்புக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று யாராவது கேட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைக் காட்டுங்கள். மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயரும் அச்சாகியிருக்கிறது.

ஊர் உதாரணத்தை எப்போது எடுப்பது

தமிழ்நாட்டு உதாரணத்தை எடுத்ததற்கெல்லாம் சொல்லாதீர்கள். மாணவர் முகம் தொங்கிவிடும். ஆனால் ஒரே ஒரு வாரத்தில் அது பொன்னாக வேலை செய்யும். சன், ஜெயா, கலைஞர், கேப்டன் என்று கட்சிக்கொரு சேனல், கட்சிக்காரர் குடும்பத்துக்கொரு சேனல் இருக்கும் கதையைச் சொல்லுங்கள். வாயைப் பிளப்பார்கள். இங்கே 2005-இன் மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டம் கட்சிகளுக்கு ஒலிபரப்பு உரிமம் கொடுக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் இங்கே சுத்தமா என்று கேளுங்கள். அப்போதைய ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் தி நியூ ஏஜ் நாளிதழும் ஏ.என்.என்.7 சேனலும் அடுத்த ஸ்லைடு. கதவைச் சட்டம் சாத்தினால் ஜன்னல் வழியாக வந்தது. 2017-இல் குப்தா மின்னஞ்சல்கள் கசிந்ததையும், அவர்களுக்காக இனக் கசப்பைக் கிளறிப் பிரசாரம் செய்த பெல் பாட்டிங்கர் என்ற லண்டன் நிறுவனம் அதே வருடம் சரிந்ததையும் இரண்டு வகுப்பாகப் பிரித்து எடுங்கள்.

ஊடகத்தை வீரனாக மட்டும் காட்டினால் பாடம் சாய்ந்துவிடும். சண்டே டைம்ஸ் வருமான வரித்துறையில் சட்டத்தை மீறிய ரகசியப் புலனாய்வுக் குழு ஒன்று இருப்பதாக 2014-இலிருந்து எழுதியதும், 2016-இல் தவறை ஒப்புக்கொண்டதும் கட்டாயம் வேண்டும். 2021-இல் ஒரே பிரசவத்தில் பத்துக் குழந்தை என்று பிரிட்டோரியா நியூஸ் வெளியிட்டு உலகமெல்லாம் ஓடிய கட்டுக்கதையும் வேண்டும். பிரஸ் கவுன்சில் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். வாரம் ஒன்றை வாசிக்க வையுங்கள்.

ஜூலை 2021: தவிர்க்க முடியாத வகுப்பு

இதில்தான் நான் பலமாக அடிபட்டேன். முன்னாள் ஜனாதிபதி ஜூமா சிறைக்குப் போனதை ஒட்டி 2021 ஜூலையில் நடந்த வன்முறையில் 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் 36 பேர் இறந்தது நம் ஆட்கள் நிறைந்த ஃபீனிக்ஸ் நகர்ப்பகுதியிலும் அதைச் சுற்றியும். பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். குடியிருப்புக்காரர்கள் தெருவில் தடுப்புப் போட்டு நின்ற நாட்கள் அவை. மறு வருடம் இதை நான் பட்டிமன்றம் மாதிரி அணி பிரித்து எடுத்தேன். ஊடகம் நெருப்பை அணைத்ததா, ஊற்றி வளர்த்ததா? நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம்! தடுப்பில் இரவெல்லாம் நின்ற மாமாவின் மருமகளும், இறந்தவரின் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் பையன் எழுந்து போய்விட்டான். அந்தப் பெண் அழுதாள். நடுவர் நாற்காலியில் நான்.

இப்போது செய்வது இது. எட்டாவது வாரத்துக்கு முன்னால் எடுப்பதில்லை, அதற்குள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவேன். வர விருப்பமில்லாதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் முதல் அரை மணி நேரம் கரும்பலகையில் நாள் வாரியாக நடந்தது மட்டும், ஒரு அடைமொழிகூட இல்லாமல். இதுவே பெரிய வேலை. "கும்பல்" என்று எழுதலாமா "மக்கள்" என்று எழுதலாமா என்பதில் இருபது நிமிடம் போகும், போகட்டும். பிறகு அந்த வாரத்துத் தலைப்புகளை எடுப்போம். படுகொலை, கலவரம், கொள்ளை, தற்காப்பு. ஜனாதிபதி ராமபோசா சொன்னது கிளர்ச்சி முயற்சி என்று. எந்தச் சொல்லை எந்தப் பத்திரிகை எந்த நாளில் எடுத்தது, எந்த நாளில் கைவிட்டது? இலாங்காவிலும் இசொலெஸ்வேயிலும் வந்த சொற்களைச் சூலு மாணவர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, ஃபீனிக்ஸ் பிள்ளைகள் முதல்முறையாகக் கேட்பார்கள். கடைசியாக மனித உரிமை ஆணையத்தின் விசாரணைச் சாட்சியங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவு எதையும் வகுப்பில் ஒலிக்க விடாதீர்கள். அதைப் பற்றிப் பேசலாம், குரலைக் கேட்க வைக்க வேண்டாம்.

தேர்தல் வருடத்தில் நீங்கள் யாருக்கு ஓட்டு என்று கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவருக்குத் தப்பிக்க வழி உண்டு, மற்றவர்கள் சிரித்துவிட்டு நகருங்கள். 2024 மே 31 காலை தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பலகை இரண்டு மணி நேரம்போல வெறுமையாகிப்போனது. 1994 முதல் ஆண்டுவந்த ஏ.என்.சி. கட்சி முதல்முறையாகப் பாதிக்குக் கீழே போய் 40.18 சதவீதத்தில் நின்ற தேர்தல் அது. அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் போனுக்கு வந்தவை எவை என்று கேட்டால் போதும், வதந்தி பற்றிய வகுப்பு தானாக நடக்கும்.

மதிப்பெண், டேட்டா, போராட்டம்

தேர்ச்சிக்கு 50. டி.பி. என்றொரு நிபந்தனை உண்டு. வருகையும் பயிற்சி வேலைகளும் போதாத மாணவர் தேர்வே எழுத முடியாது. அந்தப் பட்டியலை ஒட்டும் நாளில் உங்கள் அறை வாசலில் கூட்டம் நிற்கும். ஆகவே நான்காம் வாரத்திலேயே எச்சரித்து மின்னஞ்சல் போடுங்கள், அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இறுதித் தேர்வுத் தாள்கள் வெளித் தேர்வாளரிடம் போகும். ஏன் 62, ஏன் 65 இல்லை என்று ஒரு வரியாவது ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, சிலருக்கு மூன்றாவது. இலக்கணத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், ஆதாரம் இல்லாத வாக்கியத்துக்குக் குறையுங்கள்.

காணொளி இணைப்பாக அள்ளிக் கொடுக்காதீர்கள். அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவிப் பணத்தில் படிக்கிற பிள்ளைக்கு டேட்டா என்பது சாப்பாட்டுக் காசு. எழுத்து வடிவில் சின்ன கோப்பாகக் கொடுங்கள், அச்சுப் பிரதி இரண்டை நூலகத்தில் வையுங்கள். மின்வெட்டுக்கும் வளாகப் போராட்டத்துக்கும் திட்டம் இல்லாமல் பருவத்தைத் தொடங்காதீர்கள். 2015-இல் கட்டண எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது என் பாடத்தின் கடைசி மூன்று வாரம் காணாமல் போனது. அன்றிலிருந்து முக்கியமானதை எல்லாம் பத்தாம் வாரத்துக்குள் முடித்துவிடுகிறேன். செயற்கை அறிவுச் செயலி எழுதிக் கொடுத்த கட்டுரையைக் கண்டுபிடிக்க மென்பொருளை நம்பிப் பயனில்லை. அசல் செய்தித்தாள் நறுக்கை ஒட்டி, ஓரத்தில் கையால் குறிப்பு எழுதி, ஐந்து நிமிடம் நேரில் பேசச் சொல்லுங்கள்.

"ஜஸ்ட் நவ் கொண்டு வந்து தருகிறேன்" என்று ஒரு மாணவர் சொன்னால் இப்போதே என்று பொருள் இல்லை. இந்த நாட்டில் அது இன்றைக்குள், அல்லது இந்த வாரத்துக்குள். தேதியும் மணியும் போட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம் அந்தத் தகவல் உரிமை விண்ணப்பங்கள். நான் பார்த்தவரை நான்கில் ஒன்றுக்குப் பதில் வந்தால் அதிகம், அதுவும் தேர்வெல்லாம் முடிந்த பிறகு. ஒருமுறை ஒரு அலுவலகத்திலிருந்து பத்து மாதம் கழித்து வந்தது, முழுக்கக் கறுப்பு மை பூசிய நான்கு பக்கம். அந்தக் குழுவில் இருந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். தேடிப் பிடித்து நால்வருக்கும் அனுப்பினேன். அன்று இரவே ஒருத்தி பதில் போட்டாள்: "சார், மேல்முறையீட்டுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?"